அத்தானுக்காகச் செய்த அடுப்பு

புகை வராத அடுப்பு செய்வது என் தொழில். புகை வரவேண்டும் என்றே ஓர் அடுப்பை இதுவரை ஒரே ஒரு தடவைதான் செய்திருக்கிறேன். அது என் அத்தானுக்காக.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அவர் சமைக்கமாட்டார். விறகின் எந்த முனையில் தீ வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த அடுப்பின் ஒவ்வொரு அங்குலத்தையும் அவரை நினைத்துத்தான் செய்தேன்.

அக்கா வீடு இரண்டு தெருக்கள் சேரும் மூலையில் இருக்கிறது. முன்பு அது சின்ன வீடு. சமையலறையின் ஒரு பக்கம் காலி இடம் கிடந்தது, அதைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அடுப்பிலிருந்து கிளம்பும் புகை கொஞ்ச நேரம் அக்காவைச் சுற்றிவிட்டு அந்த ஜன்னல் வழியாகப் போய்விடும். அத்தானுக்குக் கொஞ்சம் வசதி வந்ததும் அந்தக் காலி இடத்தில் ஒரு ஹால் கட்டினார். வெள்ளை வெளேரென்று சுவர், சோபா, தெருவைப் பார்த்து அகலமான ஜன்னல்கள். சமையலறை ஜன்னல் இப்போது ஹாலுக்குள் திறந்தது. பெரிய மனிதர்கள் வந்து உட்காரும் ஹாலுக்குள் புகை வரலாமா? கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அடைத்த இடம் கண்ணில் படாமல் இருக்க ஹால் பக்கம் ஒரு பெரிய ஷோகேஸை நிறுத்தினார். அதற்குள் சீட்டாட்டப் போட்டிகளில் அவர் ஜெயித்த கோப்பைகள் வரிசையாக மின்னின.

சமையலறைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெளிச்சுவர். அது குறுக்குத் தெருவைப் பார்த்தது. அதில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி அக்கா கேட்டாள்.

“தெருச் சுவர்ல ஓட்டை போட்டா கரி பிடிக்கும். இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன்” என்றார் அத்தான்.

கேஸ் அடுப்பு வாங்கித் தரச் சொல்லி நான் கேட்டேன்.

“தோப்புல விறகு சும்மா கெடக்கு. காசு குடுத்து எதுக்குக் காத்தை வாங்கணும்?” என்றார். சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். அவர் சிரிக்கும்போது கூட இருக்கிறவர்களும் சிரிக்க வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம்.

அக்கா அந்த அடைத்த அறைக்குள் வருஷக்கணக்காகச் சமைத்தாள். முதலில் கண் எரிச்சல், பிறகு இருமல், பிறகு மாடிப்படி ஏறினால் இளைப்பு. கடைசியில் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் டாக்டரிடம். அவர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். அக்கா ஊதினாள். டாக்டர் கருவியைப் பார்த்துவிட்டு, “எத்தனை வருஷமா புகை பிடிக்கிறீங்கம்மா?” என்று கேட்டார்.

அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

“போன மூச்சு போனதுதான். இனிமே புகை படாம பாத்துக்கிட்டா இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். இல்லேன்னா அதுவும் போகும்” என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் கேட்டதை அத்தானிடம் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அன்று மாலை ஹாலில் சீட்டாட வந்த நண்பர்களிடம் அவர் சொன்னது இது:

“ஊர்ல எல்லார் பொண்டாட்டியும் சமைக்கிறா. என் பொண்டாட்டி மட்டும் சுருட்டு குடிக்கிறாளாம்! டாக்டரே சொல்லிட்டாரு!”

ஹால் அதிரச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. “ஏ சுருட்டு, காபி கொண்டா.” “சுருட்டு, துண்டு எங்க?” அக்காவும் அதற்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனாள். பெரியவர், போனால் போகட்டும், மறந்துவிடு என்று எனக்குச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் அக்காவின் பக்கத்தில் படுத்து, அவள் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் கேட்டிருக்கிறேன். அந்த ஆளை ஏதாவது செய்தே தீருவது என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

எங்கள் பட்டறை ஒரு பழைய கிடங்கில் இருக்கிறது. கிராமத்து வீடுகளுக்கு, குறைந்த விறகில் நன்றாக எரியும் அடுப்புகளை அங்கே வடிவமைக்கிறோம். நான் வரைவேன், வெல்டர் அண்ணன் செய்வார், இருவரும் சேர்ந்து எரித்துப் பார்ப்போம். என் தொழிலின் சாரம் ஒரு வரியில் அடங்கிவிடும்: எரியாமல் தப்பித்துப் போன விறகுதான் புகை. அதைத் தப்பிக்க விடாமல் அடுப்புக்குள்ளேயே பிடித்து எரித்துவிட்டால் பானைக்குச் சூடும் கிடைக்கும், சமைக்கிறவளுக்கு மூச்சும் கிடைக்கும்.

அந்தச் சமயம் நாங்கள் செய்துகொண்டிருந்தது குழாய் வைத்த அடுப்பு. விறகு வைக்கும் வாய் கீழே, சுடர் எழும்பும் கூண்டு அதன் பின்னால். கூண்டைச் சுற்றி மரத்தூள் கலந்து சுட்ட லேசான செங்கல். இரண்டு பானைகள் மேலே குழிகளில் இறங்கி உட்காரும். மிஞ்சிய காற்று குழாய் வழியாக வெளியே போகும். இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓர் இரும்புத் தட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. விறகு வைக்கும் வாயை அது மேல் கீழாகப் பிரிக்கும். தட்டின் மேல் விறகு, தட்டின் கீழ் காற்று. காற்று அடியில் புகுந்து சூடாகித் தணலுக்குள் போனால் சுடர் நின்று எரியும். தட்டை எடுத்துவிட்டால் விறகு தரையில் படுத்து வாயை அடைத்துக்கொள்ளும். காற்று போகாது. அப்புறம் புகைதான்.

“உன் அக்கா வீட்டுக்கு ஒண்ணு வைக்கலாமேம்மா” என்றார் வெல்டர் அண்ணன். வீடுகளில் வைத்துச் சோதிப்பதற்கு நாங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

“வைக்கணும்ண்ணே. ஆனா அந்த அடுப்பு புகையணும்.”

அவர் முகக் கவசத்தை மேலே தூக்கி என்னைப் பார்த்தார். “என்னது?”

சொன்னேன். ஜன்னல், டாக்டர், சுருட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவசத்தைக் கழற்றி வைத்தார். பிறகு, “கூண்டுச் சுவரைக் கெட்டிக் களிமண்ணுல வெச்சா சூடு பூரா அதுவே குடிச்சிடும். நல்லாப் புகையும்” என்றார். ஆள் நம் பக்கம் வந்துவிட்டார் என்று தெரிந்தது.

ஆனால் எனக்குக் கை வரவில்லை. கெட்டிக் களிமண் வைத்து ஒரு கூண்டு கட்டினோம், பார்க்கவே சகிக்காமல் நானே உடைத்துப் போட்டேன். கூண்டைக் குட்டையாக்கி வரைந்தேன், வரைந்ததைக் கிழித்தேன். இத்தனை வருஷம் புகையோடு மல்லுக்கட்டிய கை, அதை வா என்று அழைக்க மறுத்தது. கடைசியில் உருப்படியான ஓர் அடுப்பையே செய்தேன். அதுவரை செய்ததிலேயே மிக நல்ல அடுப்பு அது. அதிலிருந்து தட்டை மட்டும் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

குழாயை எங்கே விடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. அதை அத்தானே தீர்த்துவைத்தார்.

சோதனைக்குத் தேர்ந்தெடுத்த வீட்டின் வாசலில் ஒரு பலகை மாட்டுவோம். அதிகாரிகள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இதைச் சொன்னதும் அத்தானின் முகம் மலர்ந்தது. “வாம்மா எஞ்சினியரு” என்று சோபாவில் உட்காரவைத்தார். சீட்டுக் கூட்டாளிகளும் இருந்தார்கள்.

“ஒரே ஒரு விஷயம் அத்தான். குழாய் எங்கேயாவது வெளியே போகணும். தெருச் சுவர்ல விடட்டுமா?”

“அதெல்லாம் முடியாது. கூரையும் கூடாது, ஒழுகும்.”

“அப்போ பழைய ஜன்னல் இருந்த எடத்துல, மேலாக்க, சின்ன ஓட்டை. குழாய் ஷோகேஸ் பின்னாலேயே முடிஞ்சிடும். பாக்கறவங்களுக்குத் தெரியாது. ஆனா கொஞ்சம் புகை ஹாலுக்குள்ள வருமே அத்தான், பரவாயில்லையா?”

ஏமாற்றிச் செய்தேன் என்று பிறகு ஒருவரும் சொல்லக் கூடாது. அவர் வாயாலேயே வரவேண்டும்.

வந்தது. “புகை என்னம்மா பண்ணிடும்? எங்க அம்மா காலத்துல இருந்து இந்த வீட்டுல அடுப்பு எரியுது. புகையைப் பாத்துப் பயந்தா சோறு திங்க முடியுமா?”

நண்பர்கள் தலையாட்டினார்கள். சாட்சிகள் நிறைய.

எந்தப் பொறியாளரும் செய்யக்கூடாத காரியம் அது, தெரியும். ஹாலின் அளவையும் ஜன்னல்களின் அகலத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். உயிருக்கு ஒன்றும் ஆகாது, கண் எரியும், தொண்டை கமறும், சுவர் மஞ்சளாகும். அக்கா வருஷக்கணக்கில் தின்றதில் ஒரு கவளம்கூட இருக்காது. அந்தக் கவளத்தை அவருக்கு ஊட்டிவிடுவதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

நானும் வெல்டர் அண்ணனும் அடுப்பைப் பொருத்தினோம். அக்கா பற்றவைத்தாள். குழாய் நன்றாக இழுத்தது. விறகு வைக்கும் வாயில் கரும்புகை சுருண்டு எழுந்து, வெளியே எட்டிப் பார்க்காமல், அப்படியே உள்வாங்கிக் குழாய்க்குள் ஏறிப் போனது. சமையலறையில் ஒரு பொட்டுப் புகை இல்லை. அக்கா அடுப்புக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்தாள்.

“என்னடி குட்டி இது, பருப்பு வாசனை தெரியுது” என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. புகையால் அல்லாமல் அந்த அறையில் அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, விடைபெறுகிற சாக்கில் ஹாலுக்குள் நுழைந்தேன். ஷோகேஸின் தலைக்கு மேல் புகை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சீட்டு ஆட்டம் நடந்தது. நண்பர் ஒருவர் கையில் இருந்த சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னொருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். அத்தான் நேராக உட்கார்ந்திருந்தார், கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. புகை என்ன பண்ணிவிடும் என்று கேட்ட மனிதர் எழுந்து போக முடியுமா?

“என்ன அத்தான், கண்ணு கலங்குது?”

“சீட்டு சரியா விழலம்மா” என்றார்.

வழி முழுவதும் சிரித்துக்கொண்டே வந்தேன். வெல்டர் அண்ணனும் சிரித்தார். அடுத்த சில வாரங்களில் வந்த செய்திகள் ஒவ்வொன்றும் தேனாக இனித்தன. நண்பர்களில் பாதிப் பேர் வருவதில்லையாம். வருகிறவர்களில் ஒருவர், “என்னய்யா, இப்ப நீயும் சுருட்டு பிடிக்க ஆரம்பிச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டாராம். அடுப்பைப் பிடுங்கி எறியவும் அத்தானால் முடியவில்லை, வாசலில் பலகை தொங்கியது, அதிகாரிகள் இன்னும் வரவில்லை. நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து ரசித்தேன்.

ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா ஹாலில் இருந்தாள். ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஈரத் துணியால் ஷோகேஸுக்கு மேலே சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே வாளியில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. கோப்பைகள் தரையில் வரிசையாக நின்றன, பாதி துலக்கியவை, பாதி கரி படிந்தவை. ஒரு இழுப்புத் துடைப்பாள், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவாள், மறுபடி துடைப்பாள்.

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது.

காற்று எவ்வளவு, குழாய் எவ்வளவு, ஹால் எவ்வளவு என்று அத்தனையும் கணக்குப் பார்த்தேன். அந்த ஹாலை யார் துடைப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. போகிற கிராமத்தில் எல்லாம், அடுப்பு வைக்கும் முன்னால் சமைக்கிறவளைக் கேள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவள் நான். சொந்த அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இறங்குக்கா” என்றேன்.

“இரு, இந்த மூலையை முடிச்சிடறேன். தினமும் துடைக்கலேன்னா கத்தறாரு.”

“தினமுமா?”

“விறகும் ரொம்பத் திங்குதுடி உன் அடுப்பு. முன்ன ஒரு சுமை வந்தது, இப்ப ரெண்டு சுமை வெட்ட வேண்டியிருக்கு. உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லல.”

அவளைக் கையைப் பிடித்து இறக்கி சோபாவில் உட்காரவைத்தேன். கைப்பையைத் திறந்து தட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ இது இருந்தா புகையே வராது?”

“வராதுக்கா.”

“விறகும் பாதிதான் ஆகும்?”

“ஆமாம்.”

“இதை இத்தனை நாளா பையில வெச்சுக்கிட்டுச் சுத்தினியா?”

தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று வந்தது. குரலை உயர்த்தக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“அவருக்குக் குளிர் வந்தாலும் எனக்குத்தான் வேலை, கோவம் வந்தாலும் எனக்குத்தான் வேலை. இப்ப உனக்குக் கோவம் வந்தாலும் எனக்குத்தான் வேலையாடி? உன் பழியைத் தீத்துக்க என் மூச்சுதான் கெடைச்சுதா?”

நான் அழுதேன். கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு திடீரென்று அவள் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துப் பதறி எழுந்தேன். சிரிப்பு.

“ஆனா அன்னிக்கு அவரு கண்ணுல தண்ணியா ஊத்திச்சு பாரு” என்றாள். “ரகசியமா கதவு சந்துல பாத்தேன்டி. கல்யாணம் ஆனதுல இருந்து அவ்வளவு சந்தோஷமா நான் எதையும் பாத்ததில்ல.”

“தட்டைப் போட்டுடறேன்க்கா. இன்னியோட சரி.”

“எங்கிட்டக் குடு. எப்படிப் போடணும்னு மட்டும் காட்டு.”

காட்டினேன். விறகு வைக்கும் வாயின் இரு பக்கமும் சிறிய காதுகள் இருந்தன. தட்டு அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் எரியும்போதே வெளியே வந்துவிடும். அக்கா உள்ளே தள்ளினாள், வெளியே இழுத்தாள். குழந்தை கதவுத் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்த மாதிரி மறுபடி மறுபடி செய்தாள்.

“நல்லா வழுக்குது” என்றாள். “சரி, நீ கெளம்பு. இனிமே இது என் பாடு. சுவரை மட்டும் இனிமே துடைக்கப் போறதில்ல. டாக்டர் துடைக்கக் கூடாதுன்னு சொன்னாருன்னு நீதான் வந்து சொன்னே. சரியா?”

“சரி” என்றேன்.

அதற்கப்புறம் வந்த செய்திகள் எனக்கே புரியவில்லை. ஹாலில் பல நாள் புகையே இல்லையாம். திடீரென்று ஒரு நாள் மூச்சு முட்டுமாம். அடுத்த நாள் மறுபடி ஒன்றும் இல்லையாம். “உன் அடுப்புக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு” என்று அத்தான் போனில் என்னைத் திட்டினார். துடைக்க ஆள் இல்லாமல் ஷோகேஸின் தலைப்பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. அவரே ஒரு நாள் ஸ்டூலில் ஏறித் துணியால் தேய்த்ததில் கரி சுவர் பூராவும் இழுபட்டு இன்னும் மோசமாகிவிட்டதாம்.

அதிகாரி வந்த நாளில்தான் விஷயம் விளங்கியது. எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பான அம்மாள் அவர். கண்டிப்பானவர், படம் எடுக்க ஓர் ஆளையும் அழைத்து வந்திருந்தார். காலையிலிருந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹாலில் புகையின் சுவடே இல்லை. அத்தான் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வரவேற்றார். அதிகாரி சமையலறையைப் பார்த்தார், நின்று எரியும் சுடரைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் தலையசைத்தது அபூர்வம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழி எல்லாம் மறந்து போயிற்று, இது நல்லபடியாக முடிந்தால் போதும் என்று இருந்தது.

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அதிகாரி அவளிடம், “உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு? இருமல் இருந்ததுன்னு சொன்னாங்களே?” என்று விசாரித்தார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். “அதை ஏன் மேடம் கேக்கறீங்க! டாக்டரு இவளைப் பாத்துட்டு எத்தனை வருஷமா புகை பிடிக்கிறேன்னு கேட்டாரு. அன்னியில இருந்து வீட்டுல இவ பேரே சுருட்டு! என்ன சுருட்டு, சரிதானே?”

அவர் சிரித்தார். படம் எடுக்க வந்தவரும் மரியாதைக்குச் சிரித்தார். அக்காவும் புன்னகை செய்தாள். காலித் தட்டத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். இரும்பில் இரும்பு உரசும் சத்தம் ஒன்று கேட்டது. அந்தச் சத்தம் என்னவென்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுந்து ஓடிப் போய்த் தடுத்திருக்கலாம். என் வேலை, என் அடுப்பு, என் பெயர் எல்லாம் அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருந்தன. நான் காபியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஷோகேஸுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு நூல் வந்தது. பிறகு அது கொட்ட ஆரம்பித்தது. அத்தான் பேசிக்கொண்டே இருந்தார், பேச்சின் நடுவில் தொண்டை கமறியது. அதிகாரி இருமினார். படக்காரர் கேமராவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். அத்தானின் கண்ணிலிருந்து மறுபடி தாரை தாரையாகக் கொட்டியது, இந்த முறை சீட்டைச் சாக்குச் சொல்ல முடியாது.

“என்ன இது?” என்று அதிகாரி என்னைப் பார்த்துக் கத்தினார். “குழாயை வீட்டுக்குள்ள விட்டது யாரு?”

“நான்தான் மேடம். வீட்டுக்காரர் சம்மதத்தோட.”

“சம்மதமா? இதுக்கு யார் சம்மதிப்பாங்க?”

அத்தான் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் அக்கா வந்து நின்றாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டை கமறாத ஒரே ஆளாக அவள் பேசினாள்.

“நாலு பேர் முன்னாடி, புகை என்ன பண்ணிடும்னு கேட்டாருங்க. அதைத்தான் காட்டிட்டு இருக்கேன். எனக்கு இத்தனை வருஷமா ஜன்னலை அடைச்சு வெச்சுக் காட்டினாரு. நான் ஒண்ணும் சொல்லல. பேரு வெச்சாரு. அதுக்கும் ஒண்ணும் சொல்லல.” நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டாள். “இப்பக்கூட நான் எதுவும் சொல்லலீங்க. அவரு அந்தப் பேரைச் சொன்னா அடுப்பு புகையும். சொல்லலேன்னா புகையாது. அவ்வளவுதான்.”

ஹாலில் எல்லோரும் இருமினார்கள். அதிகாரி எழுந்து சமையலறைக்குள் போய், செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் கையால் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து அத்தானிடம், “தெருச் சுவர்ல ஜன்னல் வைங்க, குழாயையும் அந்தப் பக்கம் விடுங்க. அதுவரைக்கும் பலகையும் கிடையாது, படமும் கிடையாது” என்றார். என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆபீசுக்குப் போய் மிச்சத்தையும் சொன்னார். அந்த வருஷம் முழுக்க அடுப்பு பொருத்த என்னைப் பட்டறையைவிட்டு வெளியே அனுப்பவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பலகையைக் கழற்றிக்கொண்டு போனதைத் தெரு பார்த்தது. அதைத்தான் அத்தானால் தாங்க முடியவில்லை. கொத்தனார் வந்தார்.

அந்தத் தடை நீங்கியதும் முதல் வேலையாக அக்கா வீட்டு அடுப்பைச் சோதிக்கப் போனேன். குறுக்குத் தெருச் சுவரில் அகலமான ஜன்னல் இருந்தது, பக்கத்தில் குழாய் எட்டிப் பார்த்தது. அக்கா ஜன்னலோரமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி டாக்டரிடம் போய்வந்திருந்தாள். மேலும் மோசமாகவில்லை என்றாராம். போனது திரும்பவும் இல்லை. மாடிப்படியில் இப்போதும் நடுவில் நின்றுதான் ஏறுகிறாள். அந்த மனிதரை மன்னிக்கும் உத்தேசம் எனக்குக் கிடையாது.

கிளம்பும்போது வெளியே நின்று சுவரைப் பார்த்தேன். புதுப் பெயின்ட், பளீரென்று வெள்ளை. குழாயின் வாய்க்கு மேலே மட்டும் கையகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஏறியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டு இருந்தால் அப்படிக் கரி படியாது.

“அக்கா, என்ன இது? அடுப்புல ஏதாவது கோளாறா?”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அவள் சொன்னாள்:

“அடுப்புல ஒண்ணும் இல்லடி. போன வாரம் அவரு ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டுட்டாரு.”